நுரையீரலின் அடித்தளச் சவ்வு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அடித்தளச் சவ்வும் செல் சவ்வும் ஒன்றுதானே சார்?

இல்லை. ரெண்டிலும் 'சவ்வு' இருப்பதால் வரும் குழப்பம் இது. செல் சவ்வு கொழுப்பால் ஆன உறை. ஒவ்வொரு செல்லையும் அது மூடியிருக்கும். அடித்தளச் சவ்வு செல்லுக்கு வெளியே புரதங்களால் நெய்த பாய். உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. லேமினின் என்ற புரதம் ஒரு வலை, நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம் இன்னொரு வலை. நிடோஜன், பெர்லிகான் என்ற வேறு இரண்டு புரதங்கள் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன.

கருவில் நுரையீரல் கிளைவிடும்போது இந்தப் பாய் தடையாக இருக்காதா?

அருமையான கேள்வி. நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து (கருவின் உணவுக்குழலின் முன்பகுதி) ஒரு சின்ன மொட்டாகத்தான் நுரையீரல் தொடங்குகிறது. அது பிரிந்து பிரிந்து, ஏறத்தாழ 17ஆம் வாரத்துக்குள் காற்றுக்குழாய்க் கிளைகளின் அமைப்பு முடிந்துவிடுகிறது. அத்தனை கிளைக்கும் இந்தப் பாய் கூடவே வளர்கிறது. வளரும் நுனியில் அது மெலிந்திருக்கும். கிளை பிரியும் இடுக்கிலும் தண்டுப் பகுதியிலும் கொலாஜன் சேர்ந்து தடித்திருக்கும். மெலிந்த இடத்தில் திசு புடைத்து முன்னேறும், தடித்த இடம் நிலைத்து நிற்கும். அதனால்தான் இதை வெறும் தாங்கி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்கே வளரலாம், எங்கே நிற்கலாம் என்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது. எலிக் கருவின் நுரையீரலை உடலுக்கு வெளியே வளர்த்து, லேமினினைத் தடுக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி)ச் சேர்த்தால் கிளைவிடுதல் குறைந்துபோகிறது.

லேமினின் ஒன்றா, பலவா?

பல. ஆல்பா, பீட்டா, காமா என்ற மூன்று சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு லேமினின். எந்தச் சங்கிலி சேர்கிறது என்பதைப் பொறுத்து வகை மாறும். ஆல்பா 5 என்ற சங்கிலி இல்லாத எலிக்கருவில் நுரையீரல் மடல்கள் சரியாகப் பிரிவதில்லை.

என் குழந்தை 26 வாரத்தில் பிறந்தது. இந்தச் சவ்வு உருவாகியிருக்காதோ?

உருவாகியிருக்கும் அம்மா, பயப்படாதீர்கள். அந்தச் சமயத்தில் நுண்ரத்தக்குழாய்கள் எபிதீலியத்தை நெருங்கி வருகின்றன. அப்புறம் இரண்டின் அடித்தளச் சவ்வுகளும் பல இடங்களில் ஒன்றாக இணைகின்றன. ஆக்சிஜன் அந்த மெல்லிய தடுப்பைத்தான் கடக்கிறது. அவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்குப் பெரிய சிக்கல், காற்றறைகள் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதாததும், காற்றறைகள் இன்னும் முதிராததும். காற்றறைகளில் பெரும்பகுதி எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த பிறகுதான் உருவாகிறது. உங்கள் குழந்தையின் நிலையைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கப்படுவது ஏன்?

இரண்டின் அடித்தளச் சவ்விலும் நான்காம் வகைக் கொலாஜனின் ஆல்பா 3 சங்கிலி இருக்கிறது. குட்பாஸ்ச்சர் நோயில் உடலின் எதிர்ப்பொருள்கள் அந்தச் சங்கிலியையே தாக்குகின்றன. நுரையீரலில் ரத்தம் கசியும், சிறுநீரகத்தில் அழற்சி வரும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அதிகம்.

கொலாஜன் பவுடர் குடித்தால் இந்தச் சவ்வு பலப்படுமா?

படாது. குடித்த கொலாஜன் செரிமானத்தில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். நான்காம் வகைக் கொலாஜனை அந்தந்த இடத்துச் செல்கள் தாங்களே செய்துகொள்கின்றன. அதற்கு வைட்டமின் சி தேவை. அது வழக்கமான உணவிலேயே கிடைத்துவிடும்.