இரவு 11 மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: பிறந்தநாளன்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இருநூறுக்கு மேல் வாழ்த்துகள் வந்து குவிந்தன. அடுத்த வாரமே அம்மாவை ஐசியூவில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரவு 11 மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்து போனில் இருந்த பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கல்லூரித் தோழி ஒருத்தியின் பெயரில் விரல் நின்றது. பேசி நான்கு வருடமாகிறது, திடீரென்று கூப்பிட்டால் என்ன நினைப்பாளோ என்று வைத்துவிட்டேன். அம்மா இப்போது நலம். எனக்கென்று உண்மையில் யாருமே இல்லையா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா தேறிவிட்டதில் மகிழ்ச்சி. யாருமே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பெயர்களுக்கு நடுவே ஒரு பெயரில் விரல் நின்றதே! அவள் உங்களை ஒதுக்கவில்லை. ஒதுக்கிவிடுவாள் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள்.

இந்தத் தயக்கம் எல்லோருக்கும் உண்டு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பு விட்டுப்போன நண்பரிடம் சிலரைப் போனில் பேசவும் சிலரை மின்னஞ்சல் எழுதவும் வைத்தார்கள். போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்றே பலரும் பயந்தார்கள். பேசி முடித்தபின் சங்கடம் ஒன்றும் கூடுதலாக இல்லை, நெருக்கம்தான் கூடியிருந்தது. குரலுக்கு அந்த வலு உண்டு. பேசும்போது தொண்டை அடைப்பதை எந்த எமோஜியும் காட்டாது.

வந்த வாழ்த்துகளைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் தேதியை ஆப் நினைவுபடுத்த, இரண்டு தட்டலில் முடிகிற காரியம் அது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழித்திருக்க வேண்டும். கல்லூரியில் அவளோடு அந்த எண்ணிக்கையை நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள். நான்கு வருட மௌனம் அதை அழித்துவிடாது.

இந்த வாரமே கூப்பிடுங்கள். 'ஃப்ரீயா இருக்கியா?' என்று மெசேஜ் போட்டுவிட்டு நீல டிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். இத்தனை நாள் பேசாததற்கு மன்னிப்புக் கேட்டும் ஆரம்பிக்காதீர்கள். 'அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில உன்னைத்தான் கூப்பிடணும்னு தோணுச்சு' என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பிறகு அவளைப் பேசவிடுங்கள். இடையில் அவளுக்கும் இப்படி ஒரு ராத்திரி வந்திருக்கலாம். போனை எடுக்கவில்லையென்றால் உடனே மனம் விட்டுவிடாமல், மறுநாள் இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.