கிண்டிக்குப் போகலாமா, டாக்டரம்மா?

கேள்வி: அமெரிக்காவில் மான்களுக்கு ஏதோ மூளை நோயாம். எச்சில் ஒழுகத் தள்ளாடும் மானின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. லீவில் பிள்ளைகளைக் கிண்டிப் பூங்காவில் மான் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டேன். போகலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: தாராளமாகப் போங்கள், தம்பி. நீங்கள் சொல்வது 'க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்' என்ற, மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோய். அது 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரியவந்தது. பிறகு கனடா, தென்கொரியா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று பரவலாகக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு வந்ததாக உறுதியான ஒரு கேஸ்கூட இல்லை. ப்ரியான் எனப்படும், தப்பாக மடிந்துபோன புரதம்தான் காரணம். வேகவைத்தாலும் அழியாது, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும்.

தள்ளாடும் மான் யார் கண்ணிலும் பட்டுவிடும். எனக்குக் கவலையெல்லாம் துள்ளி ஓடும் மானைப் பற்றித்தான். தொற்றிய பிறகு ஒன்றரை, இரண்டு வருடம்கூட அது கூட்டத்தோடு நன்றாகவே மேயும். எச்சிலிலும் சாணத்திலும் ப்ரியான் போய்க்கொண்டே இருக்கும். காசிமேட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டுமா? செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வஞ்சிரம் வாங்குவீர்களா? அதுபோல, செத்த மானின் தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சையும் மூளைத்தண்டில் ஒரு துண்டையும் எடுத்துப் பார்த்தால்தான் இந்த நோய் பிடிபடும். நார்வேயில் 2016-இல், பனிமான்களுக்குக் கழுத்துப் பட்டை மாட்டப் போனவர்கள் நோயுற்ற ஒன்றைப் பார்த்தார்கள். அது செத்ததும் 'பாவம்' என்று விட்டுவிடாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் நோய் நுழைந்ததே அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் அந்தப் பகுதியின் கூட்டத்தையே, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்களை, சுட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

நம் ஊர் மான்களுக்கு ஆடுமாடுகளிடமிருந்து வரும் கோமாரியும் காசநோயும்தான் தொல்லை. இப்போது மாதவரத்தில் ஓய்வில் இருக்கிறேன். கால்நடை டாக்டராக வேலையில் இருந்தபோது, செத்த ஒரு பெண் புள்ளிமானை அறுத்துப் பார்க்க என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே பார்த்தால் மெலிவு மட்டும்தான். திறந்தால் நுரையீரல் முழுக்கத் தயிர்க்கட்டி போல வெள்ளைக் கட்டிகள், இரைப்பையில் ஒரு கைப்பந்து அளவுக்குப் பாலித்தீன் கவர். அந்த மான் என்னென்ன பட்டிருக்கும் என்று அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் பிள்ளைகள் தின்ற பிஸ்கட் கவரை உங்கள் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். எங்கேயாவது செத்த மானைப் பார்த்தால் தொடாமல், புதைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மூக்கிலோ வாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலில் நாங்களே கத்தி வைக்க மாட்டோம். காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.