வாசகர் கேள்வி பதில்: வியாபார ஒப்பந்தம் எழுதும்போது

கேள்வி: வீட்டில் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் தயாரித்து வெள்ளவத்தையிலுள்ள ஒரு கடைக்குக் கொடுத்து வருகிறேன். இதுவரை எல்லாம் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும்தான் நடந்தது. இப்போது கடைக்காரர் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதுவோம் என்று ஒரு வரைவை அனுப்பியிருக்கிறார். அதில், “விற்பனையாளர் தரமான பொருளைத் தேவைக்கேற்ப உரிய காலத்தில் வழங்குதல் வேண்டும், கொள்வனவாளர் நியாயமான காலத்துள் பணம் செலுத்துவார்” என்றிருக்கிறது. கையொப்பமிடலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: இந்த வடிவத்தில் கையொப்பமிட வேண்டாம். கடைக்காரரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் “தரமான”, “தேவைக்கேற்ப”, “உரிய”, “நியாயமான” என்ற நான்கு சொற்களுக்கும் நீங்கள் ஒரு பொருளும் அவர் இன்னொரு பொருளும் கொள்ள இடமிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் சீராக நடக்கும்வரை அது தெரியாது; ஒரு பொதி பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வரும் நாளில்தான் தெரியவரும். உங்கள் இருவரையும் அறியாத மூன்றாம் ஆள் ஒருவர் அந்தப் பத்திரத்தை வாசித்து, யார் எதனை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே வாசகத்தை இப்படி எழுதலாம்:

“விற்பனையாளர் ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன்னர் 100 கிலோகிராம் மிளகாய்த்தூளை 500 கிராம் பொதிகளாகக் கொள்வனவாளரின் வெள்ளவத்தைக் கடையில் ஒப்படைப்பார். கொள்வனவாளர் 3 நாட்களுக்குள் பொதிகளைப் பார்வையிட்டுக் குறையிருப்பின் எழுத்தில் அறிவிப்பார். அறிவிக்காவிடின் பொருளை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். ஒப்படைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் முழுத் தொகையையும் விற்பனையாளரின் வங்கிக் கணக்கில் வைப்பிலிடுவார்.”

அளவுகளும் நாட்களும் உங்கள் வசதிக்கேற்ப மாறலாம், ஆனால் அவை எண்ணாகவே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றிய பொதி வழியில் மழையில் நனைந்தால் நட்டம் யாருடையது என்பதையும் எழுதுங்கள். மேலே உள்ள வாசகத்தின்படி கடையில் ஒப்படைக்கும்வரை பொறுப்பு உங்களுடையது என்றே வாதிடப்படும். அதை ஏற்க விருப்பமில்லையெனில், லொறியில் ஏற்றியவுடன் பொறுப்பு கொள்வனவாளருக்கு மாறும் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

விலையைப் பற்றி வரைவில் ஒன்றும் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 2022 மார்ச்சுக்கு முன்னர் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் சில வாரங்களிலேயே 350 ரூபாவைத் தாண்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இறக்குமதியாக வரும் நாட்டில், வருடம் முழுவதற்கும் ஒரே விலை என்று எழுதிக் கொடுத்தால் முழுச் சுமையும் உங்கள் தலையில் விழும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை மீளாய்வு செய்யப்படும் என்றும், செத்தல் மிளகாயின் மொத்த விலை குறித்த வீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ இருவரும் பேசிப் புதிய விலை குறிப்பர் என்றும், 14 நாட்களுக்குள் இணக்கம் வராவிடின் 30 நாள் முன்னறிவித்தலுடன் எவரும் விலகலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக இருப்பதால், அந்த வரி சேரும் கொடுக்கல் வாங்கலாயின் குறித்த விலை வரியும் சேர்ந்ததா, வரி நீங்கலா என்பதும் தெரிய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கட்டளை கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. எந்த இலக்கத்திலிருந்து வரும் செய்தி கட்டளையாகக் கொள்ளப்படும் என்பதை மட்டும் பத்திரத்தில் குறிப்பிடுங்கள். எழுதுவதால் இன்னொரு பயனும் உண்டு: காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த பொருளின் கடனுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் கிடைக்கும்.

கேள்வி: மச்சானும் நானும் சேர்ந்து கட்டடப் பொருட்கள் கடை ஒன்று திறக்கப் போகிறோம். கனடாவிலுள்ள அண்ணா பெரிய தொகை ஒன்று அனுப்புகிறார். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு, அது நம்பிக்கையில்லாத மாதிரி என்று அம்மா சொல்கிறார்.
– வாசகர், கோப்பாய்

பதில்: அம்மாவின் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் சட்டம் உங்களுக்கு வேறு வழி விடவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட்டிருந்தால்தான் அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அந்தக் காலத்து 1,000 ரூபா என்ற எல்லை இன்று ஒரு பெட்டிக்கடையையும் உள்ளடக்கிவிடும்.

எழுத உட்காருமுன் அண்ணாவிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: அனுப்பும் பணம் கடனா, முதலா, அன்பளிப்பா? பிற்காலத்தில் சண்டைக்கு வித்திடுவது பெரும்பாலும் இதுதான். கடனெனில் எப்போது, எந்த நாணயத்தில் திருப்பிக் கொடுப்பது என்பது வேண்டும். முதலெனில் அவர் நட்டத்திலும் பங்கேற்பாரா என்பது வேண்டும். பங்காளியானவர் கடையின் கடனுக்குத் தன் சொந்தச் சொத்தாலும் பொறுப்பாவார் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. காசோலையில் யார் கையொப்பமிடுவது, மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பவற்றோடு, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் இருப்பிலுள்ள சீமெந்தையும் இரும்பையும் எந்த விலையில் மதித்து அவருடைய குடும்பத்துக்குக் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி விடயத்தைப் பேசும்போது அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மச்சானின் மனைவி பிள்ளைகளுக்கும் இதனால் பாதுகாப்புக் கிடைக்கிறது என்று கண்டால் அவருடைய தயக்கம் குறையக்கூடும்.

கேள்வி: இணையத்தில் எடுத்த தமிழ் ஒப்பந்த மாதிரியைப் பெயர் மாற்றிப் பயன்படுத்தலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: தமிழில் கிடைக்கும் மாதிரிகளில் பல தமிழ்நாட்டுக்கென எழுதப்பட்டவை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. அந்தச் சட்டம் இலங்கையில் இல்லை. இங்கே ஒப்பந்தத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். தலைப்புகளின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளலாம். வாசகங்களை அப்படியே எடுக்காதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் கையொப்பமிடுவதாயின், வேறுபாடு வந்தால் எந்தப் பிரதி மேலோங்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் கடை ஒன்றை இரண்டு வருட வாடகைக்கு எடுத்து, உரிமையாளருடன் முத்திரை ஒட்டிய கடிதத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். போதுமா?
– வாசகர், நல்லூர்

பதில்: போதாது. மேலே சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டமே, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு அசைவற்ற சொத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் எழுத்து நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் ஆகக் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் நிறைவேற்றப்பட வேண்டும் என்கிறது. முத்திரை ஒட்டிய கடிதத்தை வைத்து இரண்டு வருட உரிமையை நீங்கள் நிலைநாட்ட முடியாது. உள்வேலைகளுக்குக் காசு செலவழிக்க முன்னர் நொத்தாரிசைச் சந்தியுங்கள். கடிதத்தில் கையொப்பமிட்டவர்தான் உண்மையில் உரிமையாளரா என்பதைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டுகள், குளிரூட்டி, முகப்புக் கண்ணாடி ஆகியவற்றை வெளியேறும்போது நீங்கள் கழற்றிச் செல்லலாமா என்பதும், முற்பணம் எத்தனை நாட்களில் திரும்பும் என்பதும் நொத்தாரிசு எழுதும் உறுதியிலேயே எழுதப்படட்டும்.