ஊருணிக் கரையிலிருந்து ஸ்டெல்வியோ

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 51. தேவகோட்டையில் இருக்கிறேன். நான்கு வருடங்களாக விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறுகளில் 60, 70 கிலோமீட்டர் போய் வருவதுண்டு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், அடுத்த ஜூலையில் இத்தாலிக்குப் போய் ஸ்டெல்வியோ கணவாயில் சேர்ந்து ஏறலாம் என்கிறான். நம் பக்கம் ஏற்றம் என்று பார்த்தால் ஊருணிக் கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். இங்கே இருந்துகொண்டு மலைக்குப் பழக முடியுமா? நீங்கள் கொல்லிமலை ஏறியதை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொல்லிமலைக் கதையில் பாதியைத்தான் எழுதியிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் இருபதை, பின்னால் வந்த பையன்கள் முந்திவிடக் கூடாது என்ற வீம்பில் ஏறினேன். முப்பத்தெட்டாவது வளைவில் தடுப்புச்சுவரில் உட்கார்ந்தவன் அரைமணி நேரம் எழவில்லை. இறங்கிவந்த பஸ்ஸின் நடத்துநர் "மேலே டீக்கடை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டெல்வியோவில் அடிவாரத்து ஊரான பிராட்டோ பக்கத்து ஏற்றம் 24.3 கிலோமீட்டர், 48 வளைவுகள், ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போனாலும் ஏறக்குறைய அதே உயரம்தான், ஆனால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். சராசரிச் சரிவு 7.4 சதவீதம் என்பது அவ்வளவு பயங்கரமில்லை. 1820களில் வண்டிகள் போகப் போட்ட சாலை என்பதால் திடீரென்று செங்குத்தாக நிமிர்ந்து மிரட்டாது, விடவும் விடாது. சமதளத்தில் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடும். ஏற்றத்தில் கால் ஓய்ந்தால் சக்கரமும் ஓய்ந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் மிதிக்கும் பழக்கம்தான் உங்களிடம் இல்லாதது.

அதற்கு ஆடிக்காற்று இருக்கிறது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலை மேற்கே பார்த்துப் போகிறது. காற்று நேராக முகத்தில் அறையும். மலையைப் போலவே அதுவும் காலுக்கு ஓய்வு தராது. எழுந்து நிற்காமல் 20 நிமிடம் மிதியுங்கள். ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஊர்க்கதை பேச முடியக் கூடாது, அதுதான் அளவு. பத்து நிமிடம் மெதுவாகப் போய்விட்டு மறுபடி 20. வாரத்தில் இரண்டு நாள் இது, ஞாயிற்றுக்கிழமை நீண்ட சவாரி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். உடம்பு தேறுவது ஓய்வில்தான். மார்கழி, தையில் திண்டுக்கல்லுக்குச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்ச் சிறுமலையின் 18 வளைவுகளில் பழகலாம். மாசியில் கொடைக்கானல்.

வேகத்தைப் பற்றி நம் ஊரிலேயே கேட்க ஆள் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார்களைக் கேளுங்கள். முதல் நாள் விறுவிறுவென்று நடக்கிறவரைப் பார்த்தால் வயதானவர்கள் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள். அவர்கள் திரும்பி வருவதும் நடந்துதான். பிராட்டோவில் முதல் ஐந்து கிலோமீட்டர் உங்களுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். மகன் முன்னால் போனால் போகட்டும்.

வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. நாம் இடப்பக்கம் போகிறவர்கள், அதனால் சிறுமலையில் இடப்புற வளைவுகள் படுத்தும், வலப்புற வளைவுகளில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இத்தாலியில் வலப்பக்கம் போக வேண்டும், எல்லாம் தலைகீழ். உச்சி 2,757 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் குறைவு. கடைசி வளைவுகளில் மூச்சு முட்டினால் பயந்துவிடாதீர்கள், அது வயதால் வருவதில்லை.

மணிக்கு ஒருமுறையாவது சாப்பிடுங்கள், பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் போதும். (சீயம் கட்டிக்கொண்டு போன அனுபவம் எனக்கு உண்டு. எண்ணெய்ப் பலகாரம் ஏற்றத்தில் நெஞ்சிலேயே நிற்கும்.) இறங்கும்போது வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கும், உச்சியில் சட்டைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்வது பழைய பந்தயக்காரர்களின் வழக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்பு அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சூடேறிவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்று கியர். நம் சமதளத்து சைக்கிள்களில் பெரும்பாலும் ஏற்றத்துக்கான கியர் இருப்பதில்லை. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் மிதி ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று; நிமிடத்துக்கு 60 மிதிச் சுற்றில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போகலாம். அந்தக் கணக்கில் மூன்றேகால் மணி நேரத்தில் உச்சி. உங்கள் பின்சக்கரத்தில் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ணி எழுதுங்கள். 28 என்றால் ஏற்றத்தில் மிதி கனக்கும், கடைக்குப் போக வேண்டியிருக்கும்.