மின்மினிக் கதை: இரவுப் பக்கங்களும் ஒரு திருத்தமும்

டீச்சர், வணக்கம். அம்பாசமுத்திரம் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காக 16 பக்க மின்மினிக் காதல் கதை செய்கிறீர்கள்; மாதிரி அச்சில் இரவுப் பக்கங்கள் மங்கி, வெள்ளை எழுத்து மை புகுந்து அடைபட்டுப்போனது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

எழுத்து அடைபடுவது, அச்சின் நான்கு மையும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) சேர்ந்த கறுப்பால். ஒரு மை மயிரிழை விலகினாலும் நம் எழுத்தின் புள்ளியும் சுழியும் மூடிக்கொள்ளும். இரவுக்கு நீலமும் கறுப்பும் மட்டும் வையுங்கள். எழுத்து தடித்ததாக, 20 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். படத்தில் வெளிச்சமான இடம் விட்டு அங்கே கறுப்பில் எழுதினால் இன்னும் நல்லது. மங்குவதற்குக் காரணம், மேற்பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிவிடுவது. சிவகாசியில் 130 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மேட் ஆர்ட் தாள், அதாவது பளபளக்காத மேற்பூச்சுத் தாள், கேளுங்கள். நான்கு ஓரமும் 3 மி.மீ. படம் கூடுதலாக விடுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியும்.

படத்தில் இரண்டு மின்மினியும் பறக்கின்றன. அதை அவசியம் மாற்றுங்கள். பல இனங்களில் ஆண்தான் பறந்து மின்னும். பெண் புல்லில் உட்கார்ந்தபடி பதில் மின்னும். அந்த மினுக்கலே அவற்றின் பேச்சு. அதனால் வசனமும் வேண்டாம், இதயப் படமும் வேண்டாம். நம் பக்கத்து மின்மினிகளில் பெரும்பாலும் ஆணுக்கு அடிவயிற்றில் இரண்டு ஒளிப்பட்டை, பெண்ணுக்கு ஒன்று. அப்படியே வரையுங்கள், பிள்ளைகள் தாங்களாகவே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த புத்தகத்துக்கு அப்பாவின் அன்பை எடுக்கலாம்: வயல் தண்ணீரில் இருக்கும் தட்டையான பழுப்பு நீர்ப்பூச்சியில், பெண் ஆணின் முதுகிலேயே முட்டையிடும், பொரியும்வரை சுமப்பது ஆண்தான்.