கேரளாவில்தான் நோய் அதிகமா? எல்லை தாண்டிப் போவதை எப்போது நிறுத்த வேண்டும்?

கேள்வி: நாங்கள் கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் வளைகாப்பு. நிபா செய்தி வந்ததிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சம்பந்தி வீட்டில், “கேரளாவில் எப்பப் பார்த்தாலும் ஏதாவது நோய், கொஞ்சம் தள்ளிப் போடலாமே” என்கிறார்கள். நிஜமாகவே இங்கேதான் நோய் அதிகமா, இல்லை எல்லாம் அரசியலா? எப்போது போகாமல் இருக்க வேண்டும்?

பதில்: முதலில் வளைகாப்பைப் பார்ப்போம். நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்கள் என்று சுகாதாரத் துறை எடுக்கும் தொடர்புப் பட்டியலில் உங்கள் வீட்டில் யாருடைய பெயராவது இருக்கிறதா? உங்கள் பஞ்சாயத்து வார்டு கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தால், சொன்ன கெடு முடியும்வரை, வழக்கமாக 21 நாள், வீட்டிலேயே இருக்க வேண்டும். பெற்ற மகளின் வளைகாப்பானாலும் அப்படித்தான். நிபா நோயாளியின் எச்சில், ரத்தம், சிறுநீர் மேலே படும் அளவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் தொற்றுகிறது. 2018இல் கோழிக்கோட்டில் பரவியதும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான்.

அப்புறம் அந்தச் சோதனைச்சாவடி. நெற்றிக்கு நேரே பிடிக்கிற கருவி அந்த நிமிடத்தில் உடம்பு சுடுகிறதா என்று மட்டும் சொல்லும். நிபா கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் தொடங்க பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் கருவிக்கு எதுவும் பிடிபடாது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறியவரும் கடந்து போய்விடுவார். ஆனால் சாவடியில் நிற்கும் ஆட்கள் டிவியில் தெரிவார்கள். நோயாளி எந்த ஆஸ்பத்திரியில், யார் பக்கத்தில் இருந்தார் என்று தேடி, ஒவ்வொருவருக்கும் தினமும் ஃபோன் செய்து விசாரிக்கும் ஊழியர்கள் தெரிய மாட்டார்கள். நோயைத் தடுப்பது பெரும்பாலும் இவர்கள் வேலைதான். எந்த அரசானாலும் பணமும் ஆளும் முதலில் இவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“எப்பப் பார்த்தாலும் நோய்” என்ற பேச்சுக்கு வருவோம். 2021 ஜூலை கடைசியில் நாட்டின் அன்றாடக் கோவிட் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி கேரளாவில் பதிவானது. அப்போதும் இதையேதான் பேசினார்கள். அதே ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தியது. நோய் வந்தோ தடுப்பூசி போட்டோ எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உருவாக்கும் பொருள்) உருவானவர்கள் தமிழ்நாட்டில் 69.2 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம், கேரளாவில் 44.4 சதவீதம். ஆய்வு நடந்த மாநிலங்களிலேயே கேரளாதான் கடைசி. அதாவது, அதுவரை தொற்று குறைவாகப் பரவியிருந்த மாநிலம்தான் அதிகம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. கேரளாவின் கணக்கிலும் ஓட்டை இருந்தது. விட்டுப்போன ஆயிரக்கணக்கான கோவிட் மரணங்களை அந்த ஆண்டுக் கடைசியில்தான் சேர்த்தார்கள். நிபாவும் கேரளாவுக்கு மட்டும் உரியது அல்ல. அந்தக் கிருமியைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால் இரண்டு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டு வௌவால்களிலும் நிபா எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது. சம்பந்தியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அரசியலா என்று கேட்டீர்கள். ஆமாம், உலகம் முழுக்க. தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸுக்கு எச்ஐவி கிருமிதான் காரணமா என்றே அதிபர் தாபோ எம்பெக்கி சந்தேகம் கிளப்பினார். அரசு மருந்து கொடுப்பதை இழுத்தடித்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்து கர்ப்பிணிகளுக்குக் கிடைக்க, 2002இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தால் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று பின்னால் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே நாடு 2021 நவம்பரில் ஒமைக்ரான் என்ற புதிய கோவிட் வகையைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னது. அடுத்த சில நாட்களுக்குள் பல நாடுகள் அதன் விமானங்களுக்குத் தடை போட்டன. உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை! இதைப் பார்க்கிற அடுத்த அரசு எதற்கு வாயைத் திறக்கும்? 2002 நவம்பரில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று தொடங்கியபோது சீனா மாதக்கணக்கில் மறைத்தது, நோய் பல நாடுகளுக்குப் போனது. அந்த அடிக்குப் பிறகுதான், 2005இல், இத்தகைய நோயை நாடுகள் உடனே தெரிவிக்க வேண்டும் என்று உலக சுகாதார விதிகள் இறுக்கப்பட்டன.

நம் நாட்டு அரசியல் சாசனத்தில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்களின் அதிகாரத்தில், இருக்கிறது. அதனால்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பது மட்டும் பொதுப் பட்டியலில் 29ஆவது இனமாக இருக்கிறது. மத்திய அரசும் மாநிலங்களும் இதைச் சேர்ந்து கவனிக்கலாம். எல்லைக் கிராமங்களுக்கு இதுதான் சாசனத்தில் மிக முக்கியமான வாசகம். ஆனால் எல்லையின் இரு பக்க மாவட்ட சுகாதார அலுவலர்களும் ஒரே தொடர்புப் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது இன்னும் அன்றாட நடைமுறை ஆகவில்லை. உங்கள் பஞ்சாயத்தில் இதைக் கேளுங்கள்.

சரி, கிளம்புகிற அன்று யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் மட்டும் வீட்டில் இருக்கட்டும். கர்ப்பிணிக்குச் சாதாரண ஃப்ளூகூடக் கடுமையாகலாம். திரும்பி வந்த பிறகோ அங்கே இருக்கும்போதோ காய்ச்சலோடு தலைவலி, தடுமாற்றம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், யாரைக் கவனித்துக்கொண்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க இரண்டு மாநிலத்திலும் எண் 104தான்.