ஒரு கைக்குட்டையை நம்பி ஒதெல்லோ மனைவியைக் கொன்றது ஏன்?

1604-இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் பொறாமை என்பது அடுத்தவர் பொருள்மீது வரும் ஆசை அல்ல. தன்னுடையது கைவிட்டுப் போகிறதோ என்ற பயம்.

ஒதெல்லோவை வெறுக்கும் அவன் கீழ் அதிகாரி இயாகோ பெரிய பொய்யோடு தொடங்குவதில்லை. ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு துணைத்தளபதி காசியோ நகர்வதைப் பார்த்து, “இது எனக்குப் பிடிக்கவில்லை” என்று முணுமுணுக்கிறான், அவ்வளவுதான். வெதுவெதுப்பான பாலுக்கு ஒரு சொட்டு உறைமோர் போதும். அந்தச் சூடு ஒதெல்லோவுக்குள் ஏற்கெனவே இருந்தது. படைத்தலைவனானாலும் வெனிஸில் அவன் கறுப்பின அந்நியன். ‘அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம்’ என்று மாமனார் வேறு எச்சரித்திருந்தார்.

கணவனின் மானம் மனைவியின் நடத்தையில் இருப்பதாக நம்பிய சமூகம் அது. அதனால்தான் டெஸ்டிமோனா கண்ணீரோடு சொன்ன சொல்லைவிட, இயாகோ தந்திரமாகக் காசியோவிடம் போய்ச்சேர வைத்த அவளது ஸ்ட்ராபெரி வேலைப்பாடு செய்த கைக்குட்டை பெரிய சாட்சியாகிவிடுகிறது. கொலைக்கு முன் காசியோவைக் கூப்பிட்டு ஒதெல்லோ நேராக ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறாத இடம் இது.

டெஸ்டிமோனா வாயில்லாப் பூச்சி என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்சிமன்றத்தின் நடுவே நின்று, தானே விரும்பி மணந்ததாகச் சொல்லி, கணவனோடு சைப்ரஸ் போக அனுமதி கேட்டவள் அவள்.